போட்ட ரேம் முழுதாகத் தெரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவில் ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) வாங்கி, வீட்டில் தாங்களே மாட்டிவிட்டு, "கணினி முழுதாகக் காட்டவில்லை" என்று செந்தூலிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். பினாங்கிலிருந்து தொலைபேசியில் கேட்பவர்களும் உண்டு. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. முதல் இரண்டையும் எல்லாரும் படித்துவிடுங்கள். ரேம் எங்கே தொலைகிறது என்று தெரியாமல் இன்னொரு ரேம் வாங்குவது வீண் செலவு.

1. அண்ணே, என் கணினியில் ரேம் எவ்வளவு இருக்கிறது என்று எங்கே பார்ப்பது?

மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். முதலாவது, விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். அங்கே பொருத்தப்பட்ட ரேம் 8.00 ஜிபி என்றும், அடைப்புக்குறிக்குள் பயன்படுத்தக்கூடியது 7.8 ஜிபி என்றும் இரண்டு எண்கள் இருக்கலாம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை ஸ்லாட் (ரேமைச் செருகும் இடம்) இருக்கிறது, எத்தனையில் ரேம் இருக்கிறது, என்ன வேகம், 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' (வன்பொருளுக்கு ஒதுக்கியது) எவ்வளவு என்று கீழே எழுதியிருக்கும். கடைசியாகச் சொன்ன எண்ணைத்தான் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவது, பயாஸ். விண்டோஸுக்கு முன்பே ஓடி வன்பொருளைச் சரிபார்க்கும் நிரல் அது. கணினியை இயக்கியவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் உள்ளே போகலாம். சில மடிக்கணினிகளில் எஃப்10 அல்லது எஸ்கேப். முதல் பக்கத்திலேயே மொத்த ரேம் தெரியும்.

2. பயாஸில் ஓர் எண், விண்டோஸில் வேறோர் எண். எதை நம்புவது?

இரண்டுமே உண்மைதான். பயாஸ் சொல்வது வன்பொருள் கண்டது. விண்டோஸ் சொல்வது தனக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் இடையே எங்கே குறைகிறது என்பதுதான் நோயின் இருப்பிடம்.

பயாஸிலேயே குறைந்திருந்தால் விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் பயனில்லை. 9ஆம் கேள்விக்குப் போங்கள். பயாஸில் முழுதாக இருந்து விண்டோஸில் குறைந்தால் ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள். விடை 3 முதல் 8 வரை உள்ள கேள்விகளில் இருக்கிறது. பொருத்தப்பட்டது முழுதாகவும், பயன்படுத்தக்கூடியது சரிபாதியாகவும் காட்டினால் 7ஆம் கேள்வியைப் பாருங்கள். அதில் தீராவிட்டால் 14.

எவ்வளவு குறைகிறது என்பதும் சாட்சி சொல்லும். ஒரு முழு ஸ்டிக்கின் (ஸ்லாட்டில் செருகும் ரேம் பட்டை) அளவு குறைந்தால் அந்த ஸ்டிக்கோ அதன் ஸ்லாட்டோதான் காரணமாக இருக்கும். ஏறத்தாழ 2 ஜிபி குறைந்தால் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கலாம். 4 ஜிபியில் முக்கால் ஜிபி குறைந்தால் 32 பிட் விண்டோஸை முதலில் சந்தேகியுங்கள்.

3. 8 ஜிபி என்று விற்றார்கள், 7.8 தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மாதிரி இதிலும் ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. ஹார்ட் டிஸ்க் கதையும் வேறு. 1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவதற்குக் காரணம், தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. ரேமை இரு தரப்பும் 1024 கணக்கிலேயே எண்ணுகிறார்கள்.

காணாமல் போன 0.2 ஜிபியை பயாஸும் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் தங்கள் வேலைக்கு ஒதுக்கிவைத்திருக்கின்றன. 7.7 முதல் 7.9 வரை எது காட்டினாலும் நிம்மதியாக இருங்கள்.

4. என் மடிக்கணினியில் 8 ஜிபி. ஆனால் 5.9 தான் பயன்படுத்த முடியும் என்கிறது. 2 ஜிபியை யார் எடுத்தார்கள்?

ரைசன் செயலி உள்ள மடிக்கணினி என்றால் எடுத்தது அதன் கிராஃபிக்ஸ் பகுதி. தனி கிராஃபிக்ஸ் அட்டைக்குச் சொந்த நினைவகம் உண்டு. செயலிக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்கு அது கிடையாது. ரேமிலிருந்து கடன் வாங்கியாக வேண்டும். ஏஎம்டி செயலிகளில் இந்தக் கடனின் ஒரு பகுதியை பயாஸ் தொடக்கத்திலேயே வெட்டி எடுத்துவிடுகிறது. தயாரிப்பாளர் வைத்தபடி அது 512 எம்பியாகவோ 1 ஜிபியாகவோ 2 ஜிபியாகவோ இருக்கும். டாஸ்க் மேனேஜரில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' 2.1 ஜிபி என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்டெல் செயலிகள் தொடக்கத்தில் கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தேவைப்படும்போது கேட்டு வாங்குகின்றன. அதனால் அதே 8 ஜிபி ஒரு மடிக்கணினியில் 7.8, இன்னொன்றில் 5.9. அண்ணன் தம்பி இருவரும் ஒரே விலைக்கு வாங்கி, ஒருவர் மட்டும் கடைக்காரரைத் திட்டுவதற்குக் காரணம் இதுதான். டாஸ்க் மேனேஜரின் கிராஃபிக்ஸ் (ஜிபியு) பக்கத்தில் 'ஷேர்டு' என்று ரேமில் பாதியளவு ஓர் எண் தெரியும். அது கிராஃபிக்ஸ் தொடக்கூடிய உச்சவரம்பு. எடுத்துக்கொண்ட அளவு அல்ல.

குறைக்கலாமா? பயாஸில் 'யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர்' என்ற அமைப்பு இருந்தால் ஆட்டோ அல்லது 512 எம்பி என்று மாற்றிப் பாருங்கள். மேசைக் கணினி மதர்போர்டுகளில் இது கிடைத்துவிடும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால், மறைத்ததைத் திறக்கிறேன் என்று யாரோ தயாரித்த பயாஸை ஏற்ற வேண்டாம். காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். இரண்டு ஸ்டிக்குகள் செயலிக்குப் போகும் இரு தடங்களில் ஓடும்போது செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கண்ணுக்குத் தெரியும்படி வேகமாகும். விளையாடுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த 2 ஜிபியைக் குறைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

5. கடையில் இருக்கிற பழைய கணினியில் 4 ஜிபி போட்டேன். 3.25க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்?

அபவுட் பக்கத்தில் சிஸ்டம் வகையைப் பாருங்கள். 32 பிட் என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. 32 பிட்டுகளால் எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296. ஒரு பைட்டுக்கு ஒரு முகவரி என்றால் 4 ஜிபி. ஆனால் கிராஃபிக்ஸ் அட்டை, நெட்வொர்க் அட்டை போன்றவற்றுக்கும் அதே முகவரிகளிலிருந்துதான் பங்கு போகிறது. மிஞ்சுவதுதான் ரேமுக்கு. கிராஃபிக்ஸ் அட்டையைப் பொறுத்து அது 3.5ஆகவோ 3.25ஆகவோ இன்னும் குறைவாகவோ இருக்கும். 8 ஜிபி போட்டாலும் இதே கதை.

தீர்வு 64 பிட் விண்டோஸ். விண்டோஸ் 10 உரிமம் இரண்டுக்கும் செல்லும் என்பதால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் இருப்பதன் மேலேயே ஏற்ற முடியாது. கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் துணிக்கடைகளைப் போல இன்னும் பழைய டாஸ் காலத்து பில் மென்பொருளை வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்: 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடா. பழைய பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் (அதை இயக்கும் நிரல்) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த பில் மென்பொருள்தான் கடைக்கு உயிர் என்றால் 3.25 ஜிபியோடு விட்டுவிடலாம். அது அதற்குத் தாராளம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக, இணையத்தோடு இணைந்த கணினி என்றால் ரேமுக்காக இல்லாவிட்டாலும் ஒருநாள் மாறத்தான் வேண்டும்.

6. ஏதோ ஒரு கோப்பை மாற்றினால் 32 பிட் விண்டோஸிலும் 8 ஜிபி வரும் என்று வீடியோவில் காட்டினார்களே?

அவர்கள் சொல்வது பிஏஇ என்ற வசதி. அது பொய்யல்ல, 36 பிட் முகவரியால் 64 ஜிபி வரை தொட முடியும், விண்டோஸின் சில சர்வர் பதிப்புகள் அப்படி ஓடியிருக்கின்றன. ஆனால் வீட்டுப் பதிப்புகளில் 4 ஜிபிக்கு மேல் போகாதபடி மைக்ரோசாஃப்ட் பூட்டியிருக்கிறது. பல டிரைவர்கள் அந்த உயரத்தில் தடுமாறியது ஒரு காரணம்.

பூட்டை உடைக்கிற அந்தக் கோப்பு விண்டோஸின் கருவையே மாற்றுகிறது. யார் எழுதியது, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று தெரியாது. வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

7. 64 பிட் தான். பயாஸிலும் 16 ஜிபி இருக்கிறது. விண்டோஸ் மட்டும் 8 என்கிறதே?

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தேடித் திறங்கள். பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே 'மேக்சிமம் மெமரி' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிட்டு, ஓகே கொடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

பெயரைப் பார்த்தால் உச்ச அளவுக்கு ஏற்றிவிடும் என்று தோன்றும். உண்மையில் அது விண்டோஸுக்குப் போடும் கட்டுப்பாடு. நிரலர்கள் குறைந்த ரேமில் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது. 'கணினி பறக்க ஐந்து ரகசியங்கள்' வகை வீடியோக்கள் இதை டிக் செய்யச் சொல்கின்றன. அன்றைக்கு 8 ஜிபி இருந்தபோது டிக் செய்தவர், பின்னால் 16 ஆக்கும்போது மாட்டிக்கொள்கிறார். பக்கத்திலேயே இருக்கும் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' கட்டத்திலும் டிக் வேண்டாம்.

8. விண்டோஸ் பதிப்பைப் பொறுத்தும் வரம்பு உண்டாமே?

உண்டு, ஆனால் இன்று அதில் சிக்குகிறவர்கள் குறைவு. 64 பிட் விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 8 ஜிபியோடும், ஹோம் பிரீமியம் 16 ஜிபியோடும் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் பதிப்புக்கு 2 ஜிபிதான். விண்டோஸ் 10, 11 ஹோம் பதிப்புகள் 128 ஜிபி வரை ஏற்கும்.

9. பயாஸிலேயே பாதிதான் தெரிகிறது. கழற்றி மாட்டச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது?

மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கை உருவுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். மடிக்கணினியில் மின்கலத்தின் இணைப்பையும் கழற்ற வேண்டும். உள்ளே மூடி வைத்த மின்கலம் என்றால் பின்மூடியைத் திறந்த கையோடு முதல் வேலை அதுதான். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். தங்க நிற முனைகளில் விரல் படக்கூடாது.

மேசைக் கணினியில் ஓரக் கொக்கிகளை விலக்கினால் ஸ்டிக் மேலே வரும். திரும்பப் போடும்போது அடியில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். இரு முனைகளிலும் சமமாக, நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்த வேண்டும். கொக்கி 'டக்' என்று தானாக மூடும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி கொண்ட ஸ்லாட்டுகளில் மறுமுனை அரைகுறையாக நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். மடிக்கணினியில் சாய்வாகச் செருகி, முனைகள் உள்ளே மறையும் வரை தள்ளிவிட்டு, பிறகு படுக்க வையுங்கள்.

முனைகள் மங்கியிருந்தால் மென்மையான வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் இருந்தால் இன்னும் நல்லது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்துக்கு முனைகள் மங்குவது இயல்பு. பட்டர்வொர்த், தஞ்சோங் பூங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எறும்பும் பல்லி எச்சமும் ரேமைக் கெடுத்த கணினிகள் இங்கே சாதாரணம்.

10. இரண்டு ஸ்டிக்கில் எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட். கணினி தொடங்குகிறதா, பயாஸ் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே ஸ்லாட்டில் மற்ற ஸ்டிக். பிறகு இரண்டையும் அடுத்த ஸ்லாட்டில் தனித்தனியாக. ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்டிலும் வேலை செய்யாவிட்டால் ஸ்டிக் போயிற்று. இரண்டு ஸ்டிக்கும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் குற்றவாளி ஸ்லாட், அல்லது அதற்குப் போகும் தடம். தனித்தனியாக எல்லாம் ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் தகராறு என்றால் 12ஆம் கேள்வி.

டிடிஆர்5 (ரேமின் புதிய தலைமுறை) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரேமை மாற்றியபின் முதல் முறை தொடங்கும்போது கணினி அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

11. நான்கு ஸ்லாட் இருக்கிறது, இரண்டு ஸ்டிக்தான் வாங்கினேன். எங்கே போடுவது?

பெரும்பாலான மதர்போர்டுகளில் செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். சில பழைய போர்டுகள் வேறு வரிசை கேட்கும். கையேட்டில் ஒரு பக்கத்தில் படமே இருக்கும். தவறான ஸ்லாட்டில் போட்டால் சில போர்டுகள் ஒரு ஸ்டிக்கைக் கண்டுகொள்ளாது, சில தொடங்கவே மறுக்கும்.

12. பழைய ரேமோடு புதியதைச் சேர்த்தேன். புதியது தெரியவே இல்லை. கலக்கக் கூடாதா?

கலக்கலாம், நிபந்தனையோடு. 4 ஜிபியும் 8 ஜிபியும் சேரும். வேகம் வேறானால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். ஆனால் தலைமுறை ஒன்றாக இருக்க வேண்டும்: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றில் மற்றொன்று நுழையாது. நுழையாததை அழுத்தி நுழைத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த ஸ்லாட் திரும்பி வராது. டிடிஆர்3இல் மட்டும் மின்னழுத்தத்தையும் பாருங்கள். சாதாரணம் 1.5 வோல்ட், 'எல்' சேர்ந்தது 1.35 வோல்ட். 1.35 மட்டும் ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ஸ்டிக் ஓடாது.

உண்மையான வலை மலிவு விலையில் இருக்கிறது. இணையச் சந்தையில் பாதி விலைக்கு வரும் 16 ஜிபி ஸ்டிக்குகளில் சில, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம். அவை வீட்டுக் கணினியில் ஓடா. இன்னொரு வகை 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்ட டிடிஆர்2, டிடிஆர்3. இன்டெல் போர்டு அவற்றின் சில்லுகளின் முகவரி அமைப்பைப் படிக்காது. மூன்றாவது, சில்லின் அடர்த்தி. ஜி41 போன்ற பழைய இன்டெல் போர்டில் 4 ஜிபி ஸ்டிக் வேண்டுமென்றால் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பக்கம் எட்டு சில்லு உள்ளதை அது ஏற்காது.

லோ யாட்டுக்குப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். முடிந்தால் கணினியையே எடுத்துப் போய், அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார்.

13. என் போர்டு எவ்வளவு தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். போர்டு சொல்வதையும் செயலி சொல்வதையும் பார்த்து, குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். சில எல்லைகள் எனக்கு மனப்பாடம்: ஜி31 சிப்செட் (போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டுச் சில்லு) 4 ஜிபி, ஜி41 8 ஜிபி, எச்61 இரண்டு ஸ்லாட்டில் 16 ஜிபி. ஆட்டம் என்450 செயலி உள்ள பழைய நெட்புக்குகளுக்கு 2 ஜிபியே முடிவு. அவற்றில் 4 ஜிபி போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். 945 குடும்பச் சிப்செட் உள்ள மடிக்கணினிகள் 64 பிட் விண்டோஸ் போட்டாலும் 3 ஜிபிக்குச் சற்று மேலே நின்றுவிடும். 5ஆம் கேள்வியில் சொன்ன முகவரிப் பங்கீடு அங்கே சிப்செட்டிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்துக்குச் சற்றுப் பிந்திய போர்டுகளில் பயாஸுக்குள் 'மெமரி ரீமேப்' என்ற அமைப்பு உண்டு. 64 பிட் விண்டோஸ் இருந்தும் 3.25 என்றால் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய பயாஸ் வந்திருந்தால் அதையும் ஏற்றலாம். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வரும் மாலை நேரத்தில் வேண்டாம். பயாஸ் ஏற்றும் நடுவில் மின்சாரம் போனால் ரேமைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலையே இருக்காது.

14. ரேமைச் சோதிக்கும் நிரல் இரண்டு ஸ்டிக்கையும் பெயரோடு காட்டுகிறது. ஆனால் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. இது எப்படி?

ஒவ்வொரு ஸ்டிக்கிலும் அதன் பெயர், அளவு, வேகம் எழுதிய ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. அதைப் படிக்கும் வழி வேறு. தரவு போகும் வழி வேறு. பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தும் வீட்டுக்குள் போகப் பாதை அடைபட்டிருக்கிறது. 16 ஜிபி பொருத்தப்பட்டது, பயன்படுத்தக்கூடியது 7.9 என்று விண்டோஸ் சொல்வதும் சில நேரங்களில் இதனால்தான். 7ஆம் கேள்வியில் சொன்ன டிக் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடர்ந்து படியுங்கள்.

ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்று மதர்போர்டில் இல்லை, செயலிக்குள் இருக்கிறது. ஏஎம்டி 2003இலும் இன்டெல் 2008இலும் அதை உள்ளே கொண்டுபோய்விட்டன. ஆகவே ரேம் ஸ்லாட்டிலிருந்து செயலி வரை உள்ள நூற்றுக்கணக்கான இணைப்புகளில் ஒன்று விட்டுப்போனாலும் ஒரு தடம் முழுதும் செத்துப்போகும். இன்டெல் போர்டுகளிலும் 2022இல் வந்த ஏஎம்5 போர்டுகளிலும் ஊசிகள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்திருக்கலாம். செயலியின் அடியில் வெப்பப் பசை ஒட்டியிருக்கலாம்.

15. கூலரைச் சுத்தம் செய்து மாட்டினேன். அதிலிருந்துதான் பாதி ரேம் இல்லை. கூலருக்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம்?

மேலே 14இல் சொன்ன சம்பந்தம். கூலரின் ஒரு பக்கத் திருகை மட்டும் முழுதாக முறுக்கினால் செயலி சாக்கெட்டில் சாய்வாக அழுந்தும். சில ஊசிகள் தொடாமல் போகும். நான்கு திருகுகளையும் தளர்த்தி, எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். என்னிடம் வரும் இத்தகைய கணினிகளில் கணிசமானவை இதோடு சரியாகிவிடுகின்றன.

ஆகாவிட்டால் செயலியைத் தூக்கி, சாக்கெட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். வரிசை தவறிய ஊசி ஒளியை வேறு விதமாகத் திருப்பும். மெல்லிய ஊசியால் நிமிர்த்த முடியும், ஆனால் கை நடுங்குகிறவர்கள் கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

16. 3200 வேக ரேம் வாங்கினேன், 2666 தான் காட்டுகிறது. இதுவும் அதே பிரச்சினையா?

இல்லை. இது வேகம், அளவு அல்ல. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால் பெட்டியில் எழுதிய வேகம் வரும், செயலியும் போர்டும் ஏற்றால். சில நிரல்கள் 1600 என்று காட்டும். டிடிஆர் ஒரு துடிப்பில் இருமுறை அனுப்புவதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். எக்ஸ்எம்பியை இயக்கியபின் ஸ்டிக் ஒன்று மறைந்தால் அதை அணைத்துவிடுங்கள். முழு அளவு ரேம் மெதுவாக ஓடுவது, பாதி ரேம் வேகமாக ஓடுவதைவிட மேல்.

17. நேற்று இடி இடித்த பிறகு 16 ஜிபி 8 ஆகிவிட்டது. ரேம் எரிந்துவிட்டதா?

இருக்கலாம். மார்ச் கடைசியிலிருந்து மே வரையிலும், அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழைக்குப் பிறகு என் தொலைபேசி ஓயாது. முதலில் பிளக்கை உருவி, 9இல் சொன்னபடி மின்னூட்டத்தை வெளியேற்றி, கழற்றி மாட்டுங்கள். அதிலேயே திரும்பி வந்தவை உண்டு. வராவிட்டால் 10ஆம் கேள்வியின் சோதனை.

மின்னல் சுவர் பிளக் வழியாக மட்டும் வருவதில்லை; மோடத்திலிருந்து வரும் நெட்வொர்க் கேபிள் வழியாகவும் வருகிறது. அதனால் இடி கேட்டவுடன் இரண்டையும் உருவுங்கள். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகி வைத்திருக்கும் வீடுகளில் எர்த் இணைப்பே இல்லை. அங்கே எவ்வளவு விலை கொடுத்த சர்ஜ் புரொடெக்டரும் பெயருக்குத்தான்.

18. ரேம் முழுதாகத் தெரிகிறது, ஆனால் அடிக்கடி நீலத் திரை. சோதிப்பது எப்படி?

ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடினால் விண்டோஸோடு வந்த சோதனை கிடைக்கும். மறுபடி தொடங்கிச் சோதித்துவிட்டு முடிவைச் சொல்லும். அது 'பிழை இல்லை' என்றால் நான் முழுதாக நம்புவதில்லை. யுஎஸ்பியிலிருந்து இயங்கும் மெம்டெஸ்ட்86 இன்னும் கண்டிப்பானது. இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் தேறவில்லை. எந்த ஸ்டிக் என்று அறிய ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எக்ஸ்எம்பியை அணைத்தபின் பிழை மறைந்தால் ஸ்டிக் நல்லது, வேகம்தான் அதற்கு அதிகம்.

19. மடிக்கணினியில் ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கிறது. ஆனால் டாஸ்க் மேனேஜர் இரண்டு என்கிறது?

மற்றொன்று போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட ரேம். டாஸ்க் மேனேஜர் அதன் வடிவத்தை 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டும். 4 ஜிபி பற்றவைத்தது, 8 ஜிபி ஸ்லாட்டில், ஆக 12. இதில் 8 மட்டும் தெரிந்தால் கோளாறு பற்றவைத்த பக்கம். கழற்றி மாட்ட வழியில்லை, சில்லு வேலை தெரிந்தவர்தான் தொட வேண்டும். ஆப்பிளின் எம்1 முதலான மேக்குகளில் ரேம் முழுதுமே செயலியோடு ஒட்டியது. வாங்கும் நாளில் எடுத்த அளவுதான் கடைசிவரை.

20. ரேம் கெட்டது என்று உறுதியாகிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பெயர் பெற்ற ரேம்களில் பலவற்றுக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருங்கள். கடைக்காரர் கைவிரித்தால் மலேசிய விநியோகஸ்தரிடம் நேரே கேட்கலாம். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்; வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து சில மாதங்களில் மறைந்துவிடும். 10இலும் 18இலும் செய்த சோதனைகளின் படங்களும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

அப்படியும் வழியில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மலாயில் திரிபியூனல் துந்துதான் பெங்குனா. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. மனு போடப்போகிறேன் என்று மரியாதையாகச் சொன்ன அளவிலேயே பல கடைகள் இறங்கி வந்துவிடுகின்றன.

21. ஸ்லாட்தான் செத்திருக்கிறது. மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். இரண்டு 8 ஜிபிக்குப் பதில் நல்ல ஸ்லாட்டில் ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் அளவு திரும்பக் கிடைத்துவிடும்; போர்டு அதை ஏற்குமா என்று 13இல் சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3 காலத்து இன்டெல் போர்டுகளில் பெரும்பாலானவை ஒற்றை 16 ஜிபி ஸ்டிக்கை ஏற்கா; அங்கே 8 ஜிபிதான் உச்சம். ஒரே தடத்தில் ஓடுவதால் வேகம் சற்றுக் குறையும். கடிதம் தட்டச்சு செய்யவும், பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும், கணக்குப் பார்க்கவும் அது தெரியவே தெரியாது. 4இல் சொன்ன வகையில் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி விளையாடுகிறவர்கள் மட்டும் போர்டு மாற்றும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய தலைமுறைப் போர்டு என்றால் பயன்படுத்திய போர்டு ஒன்று கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வாங்குமுன் அதன் சாக்கெட் ஊசிகளைப் பார்க்க மறக்காதீர்கள்.